கடல் தாண்டிய பக்கத்து வீடு



பக்கத்து வீட்டோடு நாம் எப்படிப் பழகுகிறோம்? சர்க்கரை தீர்ந்துவிட்டால் ஒரு டம்ளர் கேட்கிறோம். அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் போய் நிற்கிறோம். நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

சில சமயம் சண்டையும் வருகிறது. தண்ணீருக்கு, குப்பைக்கு, வேலிக்கு என்று ஏதாவது காரணம் இருக்கும். சண்டை வந்தது என்பதற்காக வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போக முடியுமா?

நாடுகளும் அப்படித்தான். பக்கத்து நாட்டை மாற்றிக்கொள்ள முடியாது. அதோடு எப்படி வாழ்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கும் கடல் தாண்டி ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. அது மாலத்தீவு. அந்த வீட்டைப் பற்றியது இந்தப் பாடம்.

1. அக்காவின் கேள்வி

2024 ஜனவரி மாதம். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் குமாரபுரம் இருக்கிறது. அங்கே ஓர் அக்கா வசிக்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது.

அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறைகள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுகிறார். கஞ்சி, சோறு, குழம்பும் சமைத்துக் கொடுக்கிறார். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

மாலத்தீவிலிருந்து ஒரு தாயும் மகனும் வருவதாக இருந்தது. தாய்க்குப் புற்றுநோய். முந்தின வருடமும் வந்து அக்கா வீட்டில்தான் தங்கினார்கள். "அடுத்த வாரம் வருகிறோம், அறை இருக்கிறதா?" என்று மகன் போனில் கேட்டார்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அந்த வாரம் எங்கே பார்த்தாலும் மாலத்தீவு பற்றிய பேச்சுதான். அந்த நாட்டின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் நம் பிரதமரை இழிவாக எழுதியிருந்தார்கள். அந்த நாட்டு அரசே அவர்களைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. ஆனாலும் இங்கே கோபம் அடங்கவில்லை. "மாலத்தீவுக்குச் சுற்றுலா போகாதீர்கள்" என்று பலர் சொன்னார்கள். "அவர்களுக்கு அறை கொடுக்காதீர்கள்" என்று அக்காவின் அண்டை வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அன்று மாலை தொடர்கல்வி மையத்துக்கு வந்தார். நோட்டைத் திறக்கவில்லை. நேராகக் கேட்டார்.

"டீச்சர், நான் அறை கொடுக்கணுமா, வேண்டாமா?"

2. எங்கே இருக்கிறது மாலத்தீவு?

டீச்சர் சுவரில் வரைபடத்தை மாட்டினார்.

"இதோ திருவனந்தபுரம். இங்கிருந்து தென்மேற்கே கடலில் போங்கள். சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அதுதான் மாலத்தீவு. தலைநகர் மாலே. விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நாம் பஸ்ஸில் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் மாலே போய்விடுவார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சொன்ன செய்திகள் இவை:

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள் உண்டு. அவற்றில் 200-க்கும் குறைவான தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5 லட்சத்து 15 ஆயிரம்.

அங்கே மலை இல்லை. ஆறு இல்லை. நெல் விளையும் வயலும் இல்லை. எல்லாம் மணலும் பவளப் பாறையும்தான். பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. குடிதண்ணீருக்கு மழையை நம்ப வேண்டும். அல்லது கடல் நீரை உப்பு நீக்கிக் குடிக்க வேண்டும்.

மக்கள் பேசும் மொழி திவேஹி. அதை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். நம் லட்சத்தீவில் உள்ள மினிக்காய்த் தீவு மக்களின் மொழியும் இதே மொழிதான். மாலத்தீவில் ஏறத்தாழ எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்.

1965 ஜூலை 26 அன்று அந்த நாடு விடுதலை பெற்றது. 1972-இல் அங்கே சுற்றுலாத் தொழில் தொடங்கியது. இன்று நாட்டின் பெரிய வருமானம் சுற்றுலாதான். அடுத்தது மீன்.

"அப்போ அரிசி, பருப்புக்கு என்ன செய்வாங்க?" என்று ஒருவர் கேட்டார். அவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளி.

"வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். நிறைய இந்தியாவிலிருந்து போகிறது" என்றார் டீச்சர்.

"அப்படியா? நம்ம அரிசியைத் தின்னுட்டு நம்மையே பேசுறாங்களா? அரிசியை நிறுத்தினா தெரியும் சேதி!"

3. தோணிக்காரத் தாத்தாவின் பேச்சு

மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக்காரர். வயதான பிறகு மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். அவர் மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நான் இருபது வயசில தோணியில ஏறினவன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போவோம். மாலேக்கும் போவோம். மரத்தோணி, பாய் கட்டி ஓட்டணும். வெங்காயம், காய்கறி, ஓடு, செங்கல் எல்லாம் ஏத்துவோம். ஆனி, ஆடியில கடல் பொங்கும். அப்போ தோணி போகாது. மூணு மாசம் வீட்டுல அடுப்பு எரியுறது கஷ்டம். நீ அரிசியை நிறுத்தச் சொல்லுற. நிறுத்தினா அவனுக்கு மட்டுமா பட்டினி? மூட்டை தூக்குற உனக்குக் கூலி எங்கேயிருந்து வரும்?"

தொழிலாளி பேசாமல் இருந்தார்.

"திரும்பி வரும்போது நான் வீட்டுக்கு வாங்கி வர்றது மாசி" என்றார் தாத்தா.

மாசி என்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியும். சூரை மீனை உப்பு நீரில் அவிப்பார்கள். புகையில் வாட்டுவார்கள். பிறகு வெயிலில் காய வைப்பார்கள். அது மரக்கட்டை போல் இறுகிவிடும். மாதக்கணக்கில் கெடாது. இடித்துத் தேங்காயோடு சேர்த்துச் சம்பல் செய்வார்கள். தென் கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி இல்லாத சமையலறை குறைவு. இந்த மாசியின் தாய்வீடு மாலத்தீவுதான்.

இந்த வியாபாரம் மிகப் பழையது. மாலத்தீவுக் கடலில் சோழி நிறையக் கிடைக்கும். நாம் தாயம் ஆடுகிறோமே, அதே சோழிதான். ஒரு காலத்தில் வங்காளத்தில் சோழிதான் சில்லறைக் காசு. மாலத்தீவிலிருந்து சோழி போகும், வங்காளத்திலிருந்து அரிசி வரும். இபின் பதூதா என்ற பயணி 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கினார். அங்கே நீதிபதியாகவும் இருந்தார். மீன், சோழி, தேங்காய் நார்க் கயிறு ஆகியவற்றின் வியாபாரத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, நமக்கு வேண்டியது அங்கே இருந்தது. அவர்களுக்கு வேண்டியது இங்கே இருந்தது. இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள். இதற்குப் பெயர்தான் பொருளாதார ஒத்துழைப்பு. பெயர் பெரியது. விஷயம் எளியது.

4. அங்கே நம் பிள்ளைகள், இங்கே அவர்கள்

"அரிசி மட்டும்தானா? ஆட்களும் வந்து போகிறார்களே" என்றார் டீச்சர்.

திருவனந்தபுரத்தில் 1951-இல் மெடிக்கல் காலேஜ் தொடங்கியது. இருதயத்துக்கும் மூளைக்கும் சிகிச்சை தரும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1981-இல் புற்றுநோய் மையம் தொடங்கியது. அதை எல்லோரும் ஆர்.சி.சி. என்று சொல்கிறோம். தனியார் ஆஸ்பத்திரிகளும் பல உண்டு. சிறு தீவுகளில் எல்லா வைத்தியமும் கிடைக்காது. அதனால் பல ஆண்டுகளாக மாலத்தீவு மக்கள் இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வந்து தங்குகிறார்கள்.

அவர்கள் வந்தால் ஆஸ்பத்திரிக்கு மட்டுமா வருமானம்? ஆட்டோக்காரருக்குச் சவாரி உண்டு. மருந்துக் கடைக்கு வியாபாரம் உண்டு. பழக்கடைக்கும் ஓட்டலுக்கும் உண்டு. அக்காவுக்கு வாடகை உண்டு.

அதே போல் நம் ஆட்களும் அங்கே போகிறார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் நம் நர்ஸுகளும் டாக்டர்களும் இருக்கிறார்கள். கட்டட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் இருக்கிறார்கள். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் இங்கே வீடு எழும்புகிறது. தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது.

நம் ஸ்டேட் பாங்க் 1974-லேயே மாலேயில் கிளை திறந்தது. மாலேயில் உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரி இந்தியாவின் உதவியால் கட்டப்பட்டது. 1995-இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை.

"எங்க தெருப் பொண்ணு ஒருத்தி அங்கேதான் நர்ஸ்" என்றார் அக்கா. "அங்கே இருக்கிறவங்க அவளுக்கு வீடு கொடுக்க மாட்டோம்னு சொன்னா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது.

5. ஆபத்துக் காலத்தில்

நல்ல நாளில் சிரித்துப் பேசுவது எளிது. ஆபத்தில் வந்து நிற்பவரே உறவினர். சில நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1988 நவம்பர் 3: இலங்கையிலிருந்து வந்த ஓர் ஆயுதக் கூட்டம் மாலேயைப் பிடிக்க முயன்றது. அந்த நாட்டுத் தலைவர் உதவி கேட்டார். அன்று இரவே இந்தியப் படை விமானத்தில் போய் இறங்கியது. நாடு காப்பாற்றப்பட்டது. வேலை முடிந்ததும் படை நாடு திரும்பியது.

2004 டிசம்பர் 26: சுனாமி வந்தது. கன்னியாகுமரியும் நாகப்பட்டினமும் அழுத அதே நாளில் மாலத்தீவும் அழுதது. நம் வீட்டிலும் துக்கம். இருந்தாலும் இந்தியக் கப்பல்களும் விமானங்களும் அங்கே உதவிக்குப் போயின.

2014 டிசம்பர் 4: மாலேயில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சுற்றிலும் கடல். குடிக்க ஒரு வாய் இல்லை. மறுநாளே நம் விமானப்படை விமானங்கள் குடிதண்ணீரைச் சுமந்துகொண்டு போயின. சுகன்யா என்ற கடற்படைக் கப்பலும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது.

2020: கொரோனா காலம். விமானங்கள் நின்றுவிட்டன. மாலத்தீவில் வேலை செய்த நம் ஆட்கள் தவித்தார்கள். ஜலஷ்வா என்ற நம் கடற்படைக் கப்பல் போனது. மே 10 அன்று 698 பேரைக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கியது. ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கப்பல்கள் வந்தன. மாலத்தீவு அரசு ஒத்துழைத்ததால்தான் இது சுலபமாக நடந்தது.

6. சந்தேகம் செய்த கேடு

இவ்வளவு நல்லதைப் பேசினோம். ஒரு கசப்பான செய்தியையும் பேச வேண்டும். அது நம் ஊரிலேயே நடந்தது.

1994 அக்டோபர் மாதம். சூரத்தில் பிளேக் நோய் என்ற செய்தியால் அப்போது விமானங்கள் பல ரத்தாகியிருந்தன. திருவனந்தபுரம் வந்திருந்த ஒரு மாலத்தீவுப் பெண் ஊர் திரும்ப முடியவில்லை. தங்கும் காலம் முடிந்துவிட்டது. அந்த வழக்கில் அவர் கைதானார். பிறகு அது உளவு வழக்கு ஆனது. இன்னொரு மாலத்தீவுப் பெண்ணும் கைதானார். நம் விண்வெளி விஞ்ஞானிகள் ராக்கெட் ரகசியத்தை விற்றுவிட்டார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. நம்பி நாராயணன் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாகக் கதை எழுதின.

உண்மை என்ன? சி.பி.ஐ. விசாரித்தது. உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று 1996-இல் சொன்னது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2018-இல் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த இரண்டு பெண்களும் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

இதை டீச்சர் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. தொழிலாளி கேட்டார்: "அப்போ நானும் அந்தக் கதையை நம்பினேன் டீச்சர். பேப்பரில் படிக்கத் தெரியாது. டீக்கடையில் சொன்னதைக் கேட்டேன்."

"படிக்கத் தெரிந்தவர்களும்தான் நம்பினார்கள்" என்றார் டீச்சர். "படிக்கக் கற்றால் மட்டும் போதாது. படித்ததை விசாரிக்கவும் கற்க வேண்டும்."

7. பெரிய வீடும் சிறிய வீடும்

அக்கா மறுபடி கேட்டார்: "அதெல்லாம் சரி டீச்சர். நாம இவ்வளவு செஞ்சும் அவங்க ஏன் நம்ம மேல கோபப்படுறாங்க?"

நியாயமான கேள்வி. இதற்கு டீச்சர் ஒரு விளக்கம் சொன்னார்.

இந்தியாவில் 140 கோடி மக்கள். மாலத்தீவில் 5 லட்சம். பெரிய மாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு இருந்தால் எப்படி? மாடி வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ஓட்டு வீட்டுக்காரருக்கு ஒரு பயம் இருக்கும். "நம் வீட்டு விஷயத்தில் தலையிடுவாரோ? நம் வாசல் நமக்குச் சொந்தமாக இருக்குமோ?" என்று நினைப்பார்.

இந்தியா மாலத்தீவுக்கு இரண்டு ஹெலிகாப்டர்களும் ஒரு சிறு விமானமும் கொடுத்திருந்தது. நோயாளிகளைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோகவும், கடலில் தவிப்பவர்களைத் தேடவும் அவை பயன்பட்டன. அவற்றை இயக்க நம் படையினர் அங்கே இருந்தார்கள். வெளிநாட்டுப் படையினர் தங்கள் மண்ணில் இருக்க வேண்டாம் என்று அங்கே சிலர் சொன்னார்கள். 2023 நவம்பரில் பதவிக்கு வந்த அதிபர் முகமது முய்சு படையினரைத் திரும்பப் பெறும்படி கேட்டார்.

உதவி செய்பவர் உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது. உதவி பெறுபவர் அதை மறக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் நட்பு நிலைக்கும்.

அன்று இரவு அக்கா போன் செய்தார். "அறை இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

8. அதன் பிறகு நடந்தவை

ஏப்ரல் மாதம் டீச்சர் ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்தார். தொழிலாளியைக் கூப்பிட்டு, "அரிசியை நிறுத்துவார்கள் என்றீர்களே, இதைப் படியுங்கள்" என்றார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

1981-இல் இந்தியாவும் மாலத்தீவும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அத்தியாவசியப் பொருள்களை இந்தியா அந்த நாட்டுக்கு விற்கும். நம் நாட்டில் விலை ஏறினால் அரசு சில பொருள்களின் ஏற்றுமதியை நிறுத்துவது உண்டு. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன அளவு வரை மாலத்தீவுக்கு விதிவிலக்கு உண்டு.

2024-25 ஆண்டுக்கு இந்தியா அனுமதித்த அளவு இது:

அரிசி: சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் டன்
கோதுமை மாவு: சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் டன்
சர்க்கரை: சுமார் 64 ஆயிரம் டன்
வெங்காயம்: சுமார் 35 ஆயிரம் டன்
உருளைக்கிழங்கு: சுமார் 21 ஆயிரம் டன்
முட்டை: சுமார் 42 கோடியே 75 லட்சம்
ஆற்று மணல்: 10 லட்சம் டன்
ஜல்லி: 10 லட்சம் டன்

இவ்வளவும் கட்டாயம் போகும் என்று பொருள் இல்லை. இந்த அளவு வரை அனுப்பலாம் என்று பொருள். 1981-க்குப் பிறகு அதுவரை அனுமதித்த அளவுகளில் இதுவே அதிகம். வாய்ச்சண்டை நடந்த அதே ஆண்டில்தான் இது நடந்தது!

"நாமக்கல் முட்டைக்காரங்களுக்குச் சந்தோஷம்" என்றார் தாத்தா. "தூத்துக்குடித் துறைமுகத்தில் கூலி வேலை செய்றவங்களுக்கும் சந்தோஷம்."

"மாலேயில் காலையில் முட்டை பொரிக்கிற அம்மாவுக்கும்தான்" என்றார் தொழிலாளி. அவர்தான் ஜனவரியில் அரிசியை நிறுத்தச் சொன்னவர்.

2024 மே மாதத்துக்குள் நம் படையினர் திரும்பினார்கள். அவர்களுக்குப் பதிலாகப் படையில் சேராத தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். ஹெலிகாப்டர் சேவை தொடர்ந்தது. மாலத்தீவு கேட்டதும் நடந்தது, நோயாளிக்கும் குறை வரவில்லை.

2024 அக்டோபரில் அதிபர் முய்சு தில்லிக்கு வந்தார். அப்போது மாலத்தீவில் டாலர் தட்டுப்பாடு இருந்தது. 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கைமாற்றாகக் கிடைக்க இந்தியா ஏற்பாடு செய்தது. 2025 ஜூலையில் நம் பிரதமர் மாலேக்குப் போனார். அந்த நாட்டின் 60-ஆவது விடுதலை நாள் விழாவில் விருந்தினராகக் கலந்துகொண்டார். 4,850 கோடி ரூபாய் கடன் உதவியும் அறிவிக்கப்பட்டது.

இது தானம் இல்லை, கடன். திருப்பிக் கட்ட வேண்டும். கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் கணக்கை ஒளிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் உறவு கெடாது. இது வீட்டுக்கும் பொருந்தும், நாட்டுக்கும் பொருந்தும்.

9. அக்கா நிரப்பிய படிவம்

அக்கா வீட்டுக்கு வந்த அந்தத் தாய் மூன்று வாரம் தங்கினார். அக்காவுக்குத் திவேஹி தெரியாது. அந்தத் தாய்க்குத் தமிழும் மலையாளமும் தெரியாது. ஆனாலும் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். வந்தபோது அவர் ஒரு பொட்டலம் மாசி கொண்டுவந்திருந்தார். போகும்போது அக்கா ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்து அனுப்பினார்.

இன்னொரு விஷயமும் உண்டு. வெளிநாட்டவரை நம் வீட்டில் தங்க வைத்தால் சட்டப்படி ஒரு கடமை இருக்கிறது. அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் உண்டு. இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். இதைச் செய்தால் நமக்கும் பயம் இல்லை, வந்தவருக்கும் பயம் இல்லை. முறைப்படி நடந்தால் சந்தேகத்துக்கு இடம் இல்லை.

முன்பெல்லாம் பக்கத்துக் கடைப் பையன்தான் அக்காவுக்காக அதை நிரப்புவான். அக்கா கைநாட்டு வைத்த காலமும் உண்டு. இந்தத் தடவை அவரே பாஸ்போர்ட்டைப் பார்த்தார். வெள்ளைத் தாளில் தமிழில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பெயர், நாடு, ஊர், வந்த தேதி, போகும் தேதி. பிறகு கடைக்குப் போய்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டுவது சரியா என்று பார்த்துக்கொண்டார். ஒரு தேதி தவறாக இருந்தது. அதைத் திருத்தச் சொன்னார்.

"வந்த காரணம்" என்று ஓர் இடம் இருந்தது. அக்கா தன் தாளில் "வைத்தியம்" என்று எழுதியிருந்தார்.

அந்தத் தாளை அவர் இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறார்.

புதிய சொற்கள்

ஒப்பந்தம் – இரு தரப்பார் பேசி எழுதிக்கொள்ளும் உடன்பாடு
ஏற்றுமதி – நம் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்பது
இறக்குமதி – வெளிநாட்டுப் பொருளை வாங்கிக் கொண்டுவருவது
அத்தியாவசியப் பொருள் – அரிசி, பருப்பு போல அன்றாடம் தேவைப்படும் பொருள்
விதிவிலக்கு – பொதுவான தடையிலிருந்து ஒருவருக்கு மட்டும் தரும் விலக்கு
இழப்பீடு – நேர்ந்த நஷ்டத்துக்காகக் கொடுக்கும் பணம்

விடை எழுதுங்கள்

1. மாலத்தீவில் நெல் ஏன் விளைவதில்லை?
2. மாசி எப்படிச் செய்கிறார்கள்?
3. 2014 டிசம்பரில் மாலேயில் என்ன நடந்தது?
4. 1994 வழக்கில் உண்மை எப்போது வெளிவந்தது? அதிலிருந்து நாம் என்ன கற்கிறோம்?

கணக்குப் போடுங்கள்

42 கோடியே 75 லட்சம் முட்டையை 5 லட்சத்து 15 ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை? அவ்வளவையும் அவர்களே சாப்பிடுவார்களா? 2024-இல் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவிலிருந்து யாராவது வெளிநாட்டில் வேலை செய்கிறார்களா? அங்கே அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? வெளியிலிருந்து இங்கே வந்து வேலை செய்பவர்களையும் வைத்தியம் பார்ப்பவர்களையும் நாம் அப்படி நடத்துகிறோமா?